கோழிக்குச் சீக்கு விழுந்தால்: கழிச்சல் கண்ட வீட்டில் வரிசையாகச் செய்ய வேண்டியவை

காலையில் கூட்டைத் திறந்து குருணையை வீசியதும் எல்லாக் கோழியும் ஓடிவரும். ஒன்று மட்டும் மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண் செருகி நிற்கும். கொண்டை வெளுத்தோ கறுத்தோ இருக்கும். வாலுக்குக் கீழே இறகு ஈரமாக ஒட்டியிருக்கும். கிராமத்தில் இதை ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: சீக்கு.

பத்து இருபது நாட்டுக்கோழி வைத்து, முதல் முறையாக இந்தக் காட்சியைப் பார்ப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. வந்திருப்பது வேகமாகப் பரவும் வைரஸ் நோயான வெள்ளைக்கழிச்சலாக இருந்தால், நிற்கும் அந்தக் கோழியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் முடியாது. மீதியில் எத்தனை தப்பும் என்பது இன்றும் நாளையும் நீங்கள் செய்வதைப் பொறுத்தது. ஆகவே வரிசை முக்கியம்.

1. முதலில் பிரியுங்கள், பிறகு யோசியுங்கள்

சீக்குக் கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மற்றவை இருக்கும் இடத்திலிருந்து குறைந்தது முப்பது அடி தள்ளி வையுங்கள். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு: பஞ்சாரத்தை எடுத்துவிட்டு அதே முற்றத்தில் மற்றவற்றை மேயவிடுவார்கள். எச்சம் விழுந்த இடம் நோய் விழுந்த இடம். அங்கே சாம்பலோ சுண்ணாம்போ தூவி மூடுங்கள். அடியில் பழைய சாக்கு விரித்தால் எச்சத்தோடு சுருட்டி எரித்துவிடலாம்.

தண்ணீர்ச் சட்டி, தீனித் தட்டு, செருப்பு மூன்றும் சீக்குக் கோழிக்குத் தனி. நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, சீக்குக் கோழியிடம் கடைசியாகப் போங்கள். திரும்பி வரும்போது சோப்பு போட்டுக் கைகால் கழுவுங்கள். கழிச்சல் கிருமி எச்சத்திலும் மூக்குச் சளியிலும் வெளியேறி, செருப்பு, சாக்கு, வாளி வழியாகவே வீடுவீடாகப் போகிறது.

மற்ற கோழிகளையும் அன்று வெளியே விட வேண்டாம். அவை பார்க்க நன்றாக இருக்கலாம். ஆனால் கிருமி நுழைந்து அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும், சில நேரம் இரண்டு வாரம்கூட ஆகலாம். நீங்கள் முதலில் பார்த்த கோழிதான் முதலில் தொற்றிய கோழி என்று சொல்ல முடியாது.

2. கையில் எடுத்துப் பாருங்கள்

ஒரு நிபந்தனை: ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று செத்திருந்தால், முகமும் கொண்டையும் வீங்கி நீலம் பாரித்திருந்தால், அக்கம்பக்கத்தில் காகமோ வாத்தோ சேர்ந்து சாகிறது என்றால், தொடாதீர்கள், அறுக்காதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், அது மனிதருக்கும் ஆபத்து. கால்நடை மருத்துவமனைக்கு உடனே சொல்லுங்கள்.

அப்படி இல்லையென்றால், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு கோழியைத் தூக்குங்கள். நெஞ்செலும்பைத் தடவுங்கள். இருபக்கமும் சதை இருந்தால் நோய் புதிது. எலும்பு கத்தி முனை போலத் துருத்தினால் பல வாரமாக உள்ளுக்குள் இளைத்திருக்கிறது, குடற்புழுவைச் சந்தேகிக்கலாம். கழுத்தடியில் தீனிப்பையை அழுத்திப் பாருங்கள்: கல் போல இருந்தால் அடைப்பு. இறக்கைக்கு அடியில் பேன், செள் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

பிறகு எச்சம். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் போலப் போவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கால் அல்லது இறக்கை தொங்குவது, கழுத்துத் திருகுவது எல்லாம் வெள்ளைக்கழிச்சலின் அடையாளம். இராணிக்கெட் நோய் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். உத்தராகண்டில் உள்ள இராணிக்கெட் என்ற ஊரின் பெயர் 1920களில் இந்த நோய்க்கு ஒட்டிக்கொண்டது. தடுப்பூசி போடாத கோழிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலும் கொண்டுபோகக்கூடியது. மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் அது ரத்தக்கழிச்சல். ஈரத் தரையில் வருவது, மருந்து உண்டு. கொண்டையிலும் கண்ணோரத்திலும் பொருக்குக் கட்டினால் அம்மை. அம்மை வந்தாலும் தின்னவும் குடிக்கவும் முடிகிற கோழி பெரும்பாலும் தப்பும்.

3. செத்த கோழி சொல்லும் செய்தி

ஒன்று செத்துவிட்டால் உடனே புதைக்கத் தோன்றும். பொறுங்கள். மீதிக் கோழிகளுக்கு வந்திருப்பது என்ன என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அந்த உடல்தான். இரண்டு பிளாஸ்டிக் பையில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, ஐஸ் கட்டி போட்ட பெட்டியில் வைத்து, அன்றே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பிரீசரில் உறைய வைக்க வேண்டாம், உறைந்த உடலில் உள்ளுறுப்பு மாற்றங்கள் சரியாகத் தெரியாது. வெயிலில் அரைநாள் கிடந்த உடலும் பயன்படாது. பல மாவட்டங்களில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. போக வழியில்லை என்றால் 1962 என்ற எண்ணில் கேட்கலாம்.

மருத்துவர் கேட்கும் முன்பே இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: மொத்தம் எத்தனை, எத்தனை சீக்கு, எத்தனை சாவு, எந்த நாளில் தொடங்கியது, கடைசித் தடுப்பூசி எப்போது, இரண்டு வாரத்துக்குள் சந்தையிலிருந்து ஏதாவது வாங்கி வந்தீர்களா. பெரும்பாலான வீடுகளில் விடை அந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கும்.

4. உயிரோடு இருக்கும்வரை

வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. அதைக் கொல்லும் மருந்து இல்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் பொடி, கூடவே வரும் பாக்டீரியாத் தொற்றைக் கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். அதையும் மருத்துவர் சொன்னால் மட்டும் கொடுங்கள், அவர் சொல்லும் நாள்வரை முட்டையை விலக்குங்கள். சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பதில் பெரிய கெடுதல் இல்லை. அதை நம்பித் தடுப்பூசியை விடுவதுதான் கெடுதல்.

கழிச்சலில் கோழி தண்ணீர் வற்றியும் களைத்துப்போகும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து வையுங்கள். தினமும் புதிதாகக் கரையுங்கள். தானாகக் குடிக்காவிட்டால் அலகின் பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு சொட்டையும் விழுங்குகிறதா பார்த்து அடுத்ததை விடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போகும். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. சீக்கு கொல்லாத கோழியை இப்படிக் கொன்றவர்கள் நிறைய.

கழுத்துத் திருகிய கோழி தானியத்தைக் குறிவைத்துக் கொத்தும். அலகு ஒரு விரற்கடை தள்ளி வெறுந்தரையில் விழும். மறுபடி கொத்தும், மறுபடி தவறும். பசி இருக்கிறது, தின்ன முடியவில்லை. இப்படிப்பட்டதற்கு ஆழமான கிண்ணத்தில் நிறையத் தீனி வைத்தால் எங்கே கொத்தினாலும் வாயில் ஏதோ சிக்கும். கூழாகக் கரைத்த தீனியை உருட்டியும் ஊட்டலாம்.

5. விட்டுவிட வேண்டிய நேரம்

இரண்டு நாளாக எழ முடியவில்லை, சொட்டுத் தண்ணீரும் விழுங்கவில்லை, மூச்சுக்கு மூச்சு வாய் பிளக்கிறது என்றால், வைத்திருப்பது கோழிக்காக இல்லை, நம் மனசுக்காக. கழுத்தை ஒரே இழுப்பில் முறிப்பது வேகமான வழி. ஆனால் கை பழகாதவர் தயங்கித் தயங்கிச் செய்தால் அது வதை. மருத்துவரிடமோ, பழகிய ஒருவரிடமோ விடுங்கள். பிள்ளைகள் கண்முன் வேண்டாம்; ரத்தம் சிந்தும்படி அறுக்கவும் வேண்டாம், அந்த ரத்தமும் நோயைப் பரப்பும்.

சாவதற்குள் குழம்பு வைத்துவிடலாம் என்றோ, பாதி விலைக்குச் சந்தையில் தள்ளிவிடலாம் என்றோ யாராவது சொல்வார்கள். சீக்கு ஊர்விட்டு ஊர் போவது அந்தப் பாதி விலைக் கோழியோடுதான். சமைக்கலாம் என்று அறுத்தால் சிறகும் குடலும் குப்பைமேட்டுக்குப் போகும், அங்கே அடுத்த வீட்டுக் கோழி கிளறும்.

6. புதைப்பது

கிணறு, குளம், ஆழ்குழாய்க் கிணறு எதன் அருகிலும் இல்லாத மேட்டுநிலத்தில் நாலடிக் குழி. அடியில் சுண்ணாம்புத் தூள், மேலே உடல், மீண்டும் சுண்ணாம்பு, பிறகு மண்ணை இறுக்கி மிதித்து, முள்ளோ கனமான கல்லோ மேலே வையுங்கள். ஆழம் குறைந்தால் நாய் தோண்டி இழுத்துவரும். சுட்ட சுண்ணாம்பு கையைப் பொசுக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள். அடைகாத்த முட்டைகள், கூட்டிலிருந்த வைக்கோல் எல்லாம் அதே குழிக்கு. ஆற்றில் விடுவது, வேலிக்கு அப்பால் வீசுவது இரண்டும் கூடாது.

7. தாயில்லாக் குஞ்சுகள்

தாய்க்கோழி போய்க் குஞ்சுகள் மிஞ்சினால், இரவில் வேறொரு அடைக்கோழியின் அடியில் நைசாக விட்டுவிடும் பழைய யோசனை நினைவுக்கு வரும். கழிச்சல் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். இருக்கும் நல்ல கோழிக்கும் நோயைக் கொடுப்பீர்கள். அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, ஒரு ஓரத்தில் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். முதல் வாரத்துக்கு 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைவு. வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும்: பல்புக்கடியில் குவிந்தால் குளிர், மூலைக்கு மூலை ஓடி வாய் பிளந்தால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரி.

8. வீட்டுக்குள்

பிள்ளைகள் பெயர் வைத்த கோழியாக இருக்கும். "ஓடிப்போச்சு", "விற்றுட்டோம்" என்று சொன்னால் ஒரு வாரத்தில் உண்மை தெரிந்துவிடும். செத்துப்போனதைச் சொல்லுங்கள், குழியைத் தூரத்திலிருந்து காட்டலாம், மேலே ஒரு செடி நடச் சொல்லலாம். தாய்க்கோழி இருந்த இடத்தைப் பார்த்து உங்களுக்கும் ஒரு வாரம் வெறுமையாக இருக்கும். கோழிதானே என்று எவர் சொன்னாலும் அந்த வருத்தம் நியாயமானது. "முந்தின நாளே கவனித்திருந்தால்" என்று மட்டும் உருட்டிக்கொண்டிருக்காதீர்கள், வெள்ளைக்கழிச்சலில் முந்தின நாள் கவனித்தாலும் அந்தக் கோழிக்குச் செய்ய அதிகம் இருந்திருக்காது.

9. கூட்டைச் சுத்தம் செய்து, காத்திருந்து

எச்சத்தைச் சுரண்டாமல் கிருமிநாசினி தெளிப்பது வீண். அழுக்கு மருந்தைத் தின்றுவிடும். முதலில் சுரண்டி எரியுங்கள், சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள், பிறகு லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளியுங்கள். மூங்கில் கூடையைக் கழுவிக் காப்பாற்றுவதைவிட எரிப்பது எளிது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதம் வெயில் படக் காலியாக விடுங்கள். கோழிகள் மிஞ்சியிருந்தால் கடைசிச் சாவிலிருந்து அந்த ஒரு மாதத்தை எண்ணுங்கள். அதுவரை புதுக்கோழி வேண்டாம்.

நோய் நடந்துகொண்டிருக்கும்போது ஓடிப்போய் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டால், ஏற்கெனவே கிருமி ஏறியவை காப்பாற்றப்படாது, ஒரே ஊசியை மாற்றி மாற்றிக் குத்தினால் அதுவே நோயையும் கொண்டுபோகும். அந்த முடிவை மருத்துவரிடம் விடுங்கள்.

புதிதாக வாங்கும் குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து), நாலாவது வாரத்தில் மறுபடி ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலடியில் அரை மில்லி ஆர்2பி ஊசி (அதே நோய்க்கான தடுப்பூசி). ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்கம். பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது தடுப்பூசி. கோடை தொடங்கும் முன் பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுவார்கள். கடையில் வாங்கினால் ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள், காலை அல்லது மாலையில் போட்டு முடிக்க வேண்டும். பாக்கெட் ஐஸ் உருகி வெதுவெதுப்பாகிவிட்ட குப்பி என்றால், விலையைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.