அலுவலகப் பொருட்களை இரவல் கொடுக்கும்போது

ஹட்டனில் எங்கள் அலுவலகம் சின்னது. ஒரு புரொஜெக்டர், இரண்டு லெப்டொப், ஒரு கெமரா, ஒரு ஸ்பீக்கர் செட், அவ்வளவுதான். கேட்பவர்கள்தான் நிறைய. இன்றைக்கு மஸ்கெலியாவில் கூட்டம், நாளைக்கு டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்தில் பயிற்சி வகுப்பு. எது யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு காலை முழுக்க எல்லோருக்கும் போன் அடித்து அலுத்த பிறகுதான் இதை ஒழுங்குபடுத்தினோம்.

முதலில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். கம்ப்யூட்டரில் போடலாமே என்பார்கள், போடலாம்தான், ஆனால் விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் அதைத் திறந்து உட்கார மாட்டார், அலுமாரிக் கதவில் கொப்பியும் பேனையும் தொங்கினால் நின்றபடியே எழுதிவிட்டுப் போவார். பெயர், பொருள், கொண்டுபோகும் இடம், திருப்பித் தரும் திகதி, கையெழுத்து. "கூட்டம் முடிந்ததும்" என்று எழுதினால் ஏற்காதீர்கள், திகதிதான் வேண்டும். மேலதிகாரி எடுத்தாலும் அவரும் எழுதத்தான் வேண்டும், அவர் எழுதாவிட்டால் மற்றவர்களும் ஒரு மாதத்தில் விட்டுவிடுவார்கள்.

பெரிய பொருள் தொலைவதில்லை. தொலைவது ரிமோட்டும் சார்ஜரும் எச்டிஎம்ஐ வயரும்தான். அதனால் ஒவ்வொரு பைக்குள்ளும் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதி உள்ளேயே ஒட்டிவிடுங்கள். பிளக் அடப்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய மண்டபங்களில் இன்னும் உருண்டைப் பின் சொக்கட் இருக்கும், நம்முடைய 13 அம்பியர் சதுரப் பின் அதில் போகாது.

பொருள் திரும்பி வரும் நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். வாங்கி அப்படியே அலுமாரிக்குள் தள்ளாதீர்கள். கொண்டுவந்தவரை வைத்துக்கொண்டே பையைத் திறந்து, அட்டையைப் பார்த்து எண்ணி, ஒரு தரம் போட்டுப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் மழை விடாது, ஈரப் பையைப் பூட்டி வைத்தால் கெமரா லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும், அது பிடித்தால் துடைத்து எடுப்பது லேசில்லை. பையை அலுமாரிக்கு வெளியே காயவைத்து, கெமராவை இறுக்கமான மூடியுள்ள பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பல்பு வைத்த புரொஜெக்டர் என்றால் நிறுத்திய பிறகு காற்றாடி ஓய்ந்தால்தான் வயரைப் பிடுங்கலாம், இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

உடைந்தால்? திட்டாதீர்கள். எங்களிடம் ஒருவர் ஏச்சுக்குப் பயந்து ஸ்பீக்கர் வயர் அறுந்ததை மறைத்துவிட்டார், அடுத்தவர் தோட்டத்துப் பெண்கள் வேலை முடிந்து வந்து காத்திருந்த கூட்டத்தில் சத்தமே வராமல் நின்றார். எனக்கு இன்னும் மனது கேட்கவில்லை. இப்போது கொப்பியில் "பழுது" என்று ஒரு நிரல் இருக்கிறது, எழுதினால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, திருத்தக் கொடுத்துவிடுவோம்.

அலுமாரித் திறப்பு ஒருவரிடம், அவர் லீவு என்றால் யாரிடம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். அவர் மாலையில் கொப்பியைப் பார்த்து, மறுநாள் வர வேண்டியவர்களுக்கு ஒரு போன் போட்டால் போதும்: "அண்ணே, நாளைக்கு அது டிக்கோயாவுக்குப் போகணும், காலையிலேயே கொண்டுவந்துடுங்க."