எம்.எஸ். நோயும் ‘எதிர்ப்புச் சக்தி’ பற்றிய தவறான கணக்குகளும்

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், வீட்டில் யாராவது ஒருவர் “எதிர்ப்புச் சக்தி இல்லை, அதனால்தான்” என்பார். மறுநாள் சீந்தில் பொடி வந்து சேரும். அக்கறைதான், ஆனால் கணக்கு தலைகீழ். மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகிய இடங்களில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை நம் வெள்ளையணுக்களே அரிப்பதுதான் எம்.எஸ். அவற்றைத் தூண்டிவிட்டு யாருக்கு லாபம்? சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். அங்கேயும் எதிர்ப்பு அணுக்கள் கல்லீரலைத் தாக்கியதற்கான அடையாளங்களே தெரிந்தன.

சரி, அப்படியானால் எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவானாலும் நல்லதுதானே? இது படித்தவர்களும் செய்கிற தவறு. முடக்குவாத மூட்டுவலிக்கு டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசிகள் அருமையாக வேலை செய்கின்றன. அதே வகையைச் சேர்ந்த லெனெர்செப்ட்டை எம்.எஸ். உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வில் நோய்த் தாக்குதல்கள் கூடித்தான் போயின. எனவே மூட்டுவலிக்கு வேறு மருத்துவரிடம் போனால் எம்.எஸ். இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். எதிர்ப்பு அணுக்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதமான இன்டர்ஃபெரான் என்ற பெயரை வைத்தும் ஏமாந்துவிடக் கூடாது. காமா வகையை 18 பேருக்குக் கொடுத்தபோது 7 பேருக்கு நோய் கிளர்ந்தது (1987). பீட்டா வகையோ 1993-இல் அமெரிக்காவில் எம்.எஸ். மருந்தாகவே அனுமதி பெற்றது.

எல்லாப் பழியையும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்கள் மேல் போடுவது இன்னொரு பழைய வழக்கம். இன்னொரு வகையான பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை 104 பேரிடம் சோதித்த ஆய்வு 2008-இல் வந்து அதை மாற்றியது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த மருந்து பிடித்துக்கொள்ளும் சி.டி.20 என்ற அடையாளம், பி செல்களிலிருந்து உருவாகி எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) சுரக்கும் பிளாஸ்மா செல்களிடம் இல்லை. ஆகவே அவை தப்பித்துவிடுகின்றன. ஆனாலும் சில வாரங்களிலேயே எம்.ஆர்.ஐ.யில் புதிய புள்ளிகள் குறைகின்றன. அப்படியானால் பி செல்லின் குறும்பு எதிர்ப்பொருளில் மட்டும் இல்லை. டி செல்களுக்கு இலக்கைக் காட்டி உசுப்பேற்றுவதிலும் இருக்கிறது. அதே வழியில் வந்த ஓக்ரெலிசுமாப் 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மோசமாகிக்கொண்டு போகும் வகைக்கு அனுமதி கிடைத்த முதல் மருந்து அதுதான். பி செல்லைத் தொடும் மருந்தெல்லாம் உதவும் என்றும் நினைத்துவிடாதீர்கள்: அட்டாசிசெப்ட் தாக்குதல்களை அதிகப்படுத்தியதால் அதன் ஆய்வையே நிறுத்தினார்கள்.

அப்புறம், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துப் பதறுவது. ஃபிங்கோலிமோட் என்ற எம்.எஸ். மருந்தைச் சாப்பிடுகிறவருக்கு லிம்ஃபோசைட் (டி, பி செல்கள் அடங்கிய வெள்ளையணு வகை) எண்ணிக்கை சரிந்திருக்கும். செல்கள் செத்துப்போகவில்லை, நிணநீர்க் கணுக்களுக்குள் அடைபட்டிருக்கின்றன. மருந்தின் வேலையே அதுதான். நேட்டாலிசுமாப் என்ற இன்னொரு எம்.எஸ். மருந்து, அந்தச் செல்கள் மூளைக்குள் நுழையும் வழியை மூடுவதால், ரத்தத்தில் எண்ணிக்கை கூடவும் செய்யலாம். எந்த அளவுக்குக் கீழே போனால் ஆபத்து என்பதை நரம்பியல் மருத்துவர் பார்த்துக்கொள்வார். நீங்களாக மருந்தை நிறுத்தினால் அடைபட்டவை ஒருசேரப் புறப்பட்டு, முன்பைவிடக் கடுமையான தாக்குதல் வரக்கூடும். அதற்காக நேட்டாலிசுமாப் விஷயத்தில் ஜே.சி. வைரஸ் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது. அந்த வைரஸால் வந்த மூளைத்தொற்றுக்காகவே 2005-இல் இம்மருந்தைச் சந்தையிலிருந்து விலக்கி, அடுத்த ஆண்டு கட்டுப்பாடுகளோடு திரும்பக் கொண்டுவந்தார்கள்.

எம்.எஸ். போலவே தோன்றும் என்.எம்.ஓ. (நியூரோமைலிடிஸ் ஆப்டிகா) என்ற வேறொரு நோயையும் மறக்க வேண்டாம். அதில் பீட்டா இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட், நேட்டாலிசுமாப் மூன்றுமே நிலைமையை மோசமாக்கக்கூடும். சந்தேகத்துக்கு இடமிருந்தால், அந்த நோயைக் கண்டறிய உதவும் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் பரிசோதனை செய்தாயிற்றா என்று மருந்து தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஓக்ரெலிசுமாப் என்று முடிவானால் தடுப்பூசிகளையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. உயிருள்ள கிருமியால் ஆனவற்றை நான்கு வாரம் முன்பும், மற்றவற்றை இரண்டு வாரம் முன்பும் போட்டு முடித்திருக்க வேண்டும்.