மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் இதயம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பகப் புற்றுநோய்க்கான கடைசி கீமோவும் ரேடியேஷனும் முடிந்து வீடு திரும்பியவரின் கவலையெல்லாம், கட்டி மறுபடி வந்துவிடுமோ என்பதிலேயே நிற்கிறது. ஆனால் ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்டு முழுச் சிகிச்சை பெற்றவர்களில் பலர் அதன்பின் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். அந்த நீண்ட வாழ்வில், குறிப்பாக வயதானவர்களுக்கு, புற்றுநோயைவிட இதய நோயே பெரிய ஆபத்தாகிவிடுவதும் உண்டு. மேலைநாடுகளோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் இந்நோய் இளம் வயதிலேயே வருகிறது; ஆகவே சிகிச்சையின் பின்விளைவுகளோடு வாழ வேண்டிய ஆண்டுகளும் இங்கே அதிகம்.

என் பார்வையில் இருக்கும் தவறுகளிலேயே மிகச் சாதாரணமானதும் மிக அதிகமாகக் கெடுதல் செய்வதும் ஒன்றுதான்: என்ன மருந்து, எவ்வளவு ஏறியது என்ற விவரம் நோயாளியின் கையில் இல்லாமல் போவது. "சிவப்பு மருந்து நாலு தடவை போட்டாங்க" என்பதோடு பலருடைய நினைவு முடிந்துவிடுகிறது. அந்தச் சிவப்பு மருந்து, ஏற்றிய ஓரிரு நாளுக்குச் சிறுநீரையும் சிவக்க வைக்கும் டாக்ஸோரூபிசின் அல்லது அதன் உறவான எபிரூபிசின். இவை இதயத் தசை செல்களைச் சேதப்படுத்தக்கூடியவை. அந்தச் சேதம் ஒவ்வொரு தவணையோடும் கூடிக்கொண்டே போகும். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் பரப்பு 1.5 சதுர மீட்டர் உள்ள ஒரு பெண்ணுக்கு வழக்கமான முறையில் டாக்ஸோரூபிசின் ஒரு தவணைக்கு 90 மில்லிகிராம் என நான்கு தவணை ஏறினால், சதுர மீட்டருக்கு 240 மில்லிகிராம் ஆகிறது. 250-ஐத் தொட்டாலே இதயத்துக்கு அபாயம் கூடுதல் என்று புற்றுநோய் மருத்துவ வழிகாட்டுதல்கள் கணக்கில் கொள்கின்றன. பழைய ஆய்வுகளின் தொகுப்பு ஒன்றில், சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும், 550 அளவில் நூற்றுக்கு 26 பேருக்கும் இதயச் செயலிழப்பு வந்திருந்தது. பத்து ஆண்டு கழித்து நோய் திரும்பினாலும் வேறொரு புற்றுநோய் வந்தாலும், முன்பு ஏறிய அளவைக் கூட்டிப் பார்த்துத்தான் மருத்துவர் அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ சார்ட், ரேடியேஷன் அளவு எழுதிய தாள் ஆகியவற்றை போட்டோ எடுத்து வீட்டில் இருவர் போனிலாவது வைத்திருப்பது, எந்த ஸ்கேனுக்கும் குறையாத பாதுகாப்பு.

கட்டியில் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருப்பதால் ஹெர்2 பாசிட்டிவ் என்று வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டு வரை போடப்படும் டிராஸ்டுஸுமாப் ஊசியின் கதை வேறு. இது இதயத்தின் தள்ளும் திறனைக் குறைக்கலாம். ஆனால் சிவப்பு மருந்தைப் போலத் தசை செல்களை அழிப்பதில்லை என்பதால், ஊசியைச் சில வாரம் நிறுத்தி இதய மாத்திரை கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு இதயம் பழைய நிலைக்கு மீள்கிறது. இதில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொன்ன எக்கோவை (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்), "போன முறை நார்மல்தானே" என்று செலவையும் அலைச்சலையும் எண்ணித் தள்ளிப்போடுவது ஒன்று. எங்கோ படித்த பயத்தில், யாரிடமும் சொல்லாமல் ஊசியையே பாதியில் விட்டுவிடுவது மற்றொன்று. புற்றுநோய் திரும்புவதைக் கணிசமாகத் தடுக்கும் மருந்து அது என்பதால், இரண்டாவது தவறு முதலாவதைவிடக் கொடியது.

இடப்பக்க மார்பில் ரேடியேஷன் பெற்றவர்களுக்கு விளைவு தாமதமாகத் தெரியும். ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் சிகிச்சை பெற்ற பெண்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, இதயத்துக்குச் சராசரியாகச் சேரும் ஒவ்வொரு கிரே (கதிரை அளக்கும் அலகு) அளவுக்கும் மாரடைப்பு போன்ற பெரிய ரத்தக்குழாய் நிகழ்வுகள் 7.4 சதவீதம் கூடுவதாகக் கண்டது. அந்தக் கூடுதல் அபாயம் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கி, இருபது ஆண்டுகள் வரையாவது நீடித்தது. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பலர் பழைய கருவிகளில் கதிர் பெற்றவர்கள். மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தி, இதயத்தை மார்புச் சுவரிலிருந்து விலக்கிவைத்துக் கதிர் கொடுக்கும் இன்றைய முறையில் இதயத்துக்குச் சேரும் அளவு நன்றாகக் குறைகிறது. ரேடியேஷன் தொடங்கும் முன்பே இந்த வசதி உண்டா என்று கேட்பதில் தவறேதும் இல்லை. கேட்காமல் விடுவதே தவறு.

அறிகுறிகளைச் சிகிச்சையின் களைப்பாகவே கொள்வது அடுத்தது. கீமோவுக்குப் பின் அசதி இருப்பது உண்மைதான். ஆனால் அந்த அசதி மாதம் செல்லச் செல்லக் குறைய வேண்டும். சென்ற மாதம் மாடிப்படி ஏறியவர் இந்த மாதம் நடுவில் நின்று மூச்சு வாங்கினால், படுத்தால் மூச்சு முட்டி இரண்டு தலையணை தேவைப்பட்டால், இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தால், காலையில் தளர்வாக இருந்த கொலுசு மாலையில் இறுகித் தோலில் பதிந்தால், இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினால், அது இதயம் தரும் தகவலாக இருக்கலாம். நெஞ்சுவலியிலும் இதே ஏமாற்றம் உண்டு. அறுவை செய்த இடத்து வலி பெரும்பாலும் தொட்டாலும் கையை அசைத்தாலும் கூடும். நடக்கும்போது வந்து நின்றால் அடங்கும் அழுத்தமோ, தாடை, முதுகு, கை பக்கம் பரவும் வலியோ, வியர்வையும் குமட்டலும் சேர்ந்ததோ அப்படிப்பட்டதல்ல. "வாய்வு" என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திராமல், 108-ஐ அழைக்க வேண்டிய வேளை அது.

ஈ.சி.ஜி. நார்மல் என்றதும் நிம்மதியடைவதும் வழக்கமான பிழை. ஈ.சி.ஜி. இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டுமே தவிர, அது எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதைக் காட்டாது. அதைக் காட்டுவது எக்கோ அறிக்கையில் எல்.வி.இ.எஃப். என்ற எழுத்துகளுக்கு எதிரே சதவீதமாக இருக்கும் எண். அந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதில் பயன் குறைவு. சிகிச்சைக்கு முன் 65 இருந்து இப்போது 54 என்றால், 54 என்பது நார்மல் எல்லைக்குள் வந்தாலும் அந்த இறக்கத்தை மருத்துவர் கவனிக்க வேண்டும். சில புள்ளிகள் வித்தியாசம் கருவியாலோ எடுப்பவராலோ கூட வரலாம் என்பதால், முடிந்தவரை ஒரே இடத்தில் எடுத்து, பழைய அறிக்கையையும் கூடவே கொண்டுபோவது நல்லது.

இந்த அவசரத்துக்கெல்லாம் காரணம் உண்டு. சிவப்பு மருந்து பெற்ற 2,625 பேரைத் தொடர்ந்து கண்காணித்து 2015-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் ஒன்பது சதவீதத்தினருக்கு இதயத் திறன் குறைந்தது. ஏறக்குறைய அத்தனையும் முதல் ஆண்டுக்குள் வெளிப்பட்டன. உடனே இதய மாத்திரை தொடங்கியதில் 82 சதவீதத்தினருக்கு ஓரளவோ முழுமையாகவோ திறன் மீண்டது. தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு அந்த மீட்சி குறைவு என்பதை அதே குழுவின் முந்தைய ஆய்வு காட்டியிருந்தது. மூச்சு வாங்கத் தொடங்காதவருக்கும் சிகிச்சை முடிந்த ஓராண்டுக்குள் ஒரு எக்கோ தேவை என்பது இதனால்தான்.

பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மூன்றையும் "புற்றுநோய்க்கு முன்னால் இதெல்லாம் ஒரு நோயா" என்று ஓரங்கட்டுவது, எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது. ஏற்கெனவே நலிந்த இதயத்தை உயர் ரத்த அழுத்தம் வேகமாகக் கெடுக்கும். கீமோவோடு தரப்படும் ஸ்டீராய்டு சுகரை ஏற்றலாம். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரைகள் எடுப்பவர்களுக்குக் கொலஸ்ட்ராலைக் கவனிக்க வேண்டும். கீமோவால் மாதவிடாய் முன்கூட்டியே நின்றுபோனவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு கூடுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் வழியாக பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருபவர்கள், தமக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்ததை அந்தப் பணியாளரிடமும் சொல்லிவைக்கலாம்.

சிகிச்சை முடிந்தவரை அசையவிடாமல் கட்டிலில் வைத்து உபசரிப்பது அன்புதான் என்றாலும் இதயத்துக்கு உதவாது. மருத்துவர் தடை சொல்லாதவரை வாரத்துக்கு 150 நிமிட வேக நடையை நோக்கி மெல்ல முன்னேறலாம். உப்பைக் குறைப்பதில் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவையே முதலில் குறைய வேண்டியவை. மருதம்பட்டைக் கஷாயத்தை நம்பி இதய மாத்திரையை நிறுத்துபவர்களும் உண்டு. மாத்திரையின் இடத்தை அது நிரப்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

கடைசியாக, இளம் வயதில் சிகிச்சை பெற்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழை: பழைய கீமோவைப் பற்றிச் சொல்லாமலே கர்ப்பம் தரிப்பது. கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு பாதிக்கு நெருக்கமாகக் கூடுவதால், வெளியே தெரியாதிருந்த இதயப் பலவீனம் அப்போதே வெளிப்படலாம். சிவப்பு மருந்து பெற்றவர் குழந்தைக்குத் திட்டமிடுகிறார் என்றால், மகப்பேறு மருத்துவரிடம் பழைய கீமோ தாளைக் காட்டுவதும், கருத்தரிக்கும் முன்பே ஒரு எக்கோ எடுத்துக்கொள்வதும், கர்ப்ப காலத்தில் எப்போது மறுபடி எடுக்க வேண்டும் என்பதை இதய மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்வதும் அவசியம். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்த அறுவைக்கு முன்பும், அது கர்ப்பப்பையோ மூட்டோ எதுவானாலும், மயக்கவியல் மருத்துவரிடமும் அந்தத் தாளைக் காட்ட வேண்டும்.