மூடிய பிறகு தெரியும் தவறுகள்: மாடல் நீராவி எஞ்சினுக்கு வீட்டில் பாய்லர் கட்டும்போது

நான் கட்டிய முதல் பாய்லர் இப்போது இரண்டு துண்டாக என் மேசைமேல் இருக்கிறது. நின்ற வாக்கில் இருக்கும் வகை. நடுவில் ஒரு புகைக்குழாய், அதைக் குறுக்கே துளைத்துப் போகும் நான்கு நீர்க்குழாய்கள். மேல்மூடியைப் பற்றவைத்து, தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிய அன்றுதான் புகைக்குழாய்க்குள்ளிருந்து சொட்ட ஆரம்பித்தது. டார்ச் தீ அங்கே எட்டாது. வெளியிலிருந்து திரும்பத் திரும்பக் காய்ச்சியதில் நன்றாக இருந்த பற்றுகளும் கெட்டதுதான் மிச்சம். கடைசியில் அறுத்துப் பார்த்தேன். ஒரு குறுக்குக் குழாயைச் சுற்றி வெள்ளிப் பற்று (வெள்ளிக் கலவையை உருக்கி இணைக்கும் பற்று) மோதிரம்போல அழகாக நின்றிருந்தது. இடுக்குக்குள் கொஞ்சம்கூட இறங்கவில்லை.

பாய்லர் வேலையில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். மூடும் வரை தெரியாது, மூடிய பின் கை எட்டாது.

எல்லாவற்றுக்கும் முந்திய தவறு, "சின்னதுதானே" என்ற நினைப்பு. நாம் பயப்படுவது நீராவிக்கு. உண்மையில் சக்தியைச் சேர்த்து வைத்திருப்பது அடியில் கிடக்கும் சுடுநீர். கேஜில், அதாவது அழுத்தமானியில், 4 பார் (காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு) காட்டும்போது உள்ளேயிருக்கும் தண்ணீரின் சூடு சுமார் 152 டிகிரி செல்சியஸ். பாய்லர் பிளந்தால் அந்தத் தண்ணீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் இருந்தால் 160 லிட்டர் ஆவி, அதுவும் உங்கள் முகத்துக்கு எதிரே. பழைய கேஸ் சிலிண்டர், தீயணைப்பான் குடுவை, டின் டப்பா இவற்றைப் பாய்லராக மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

உலோகத்தில் செம்புதான் பாதுகாப்பான வழி. உடல் செம்பில் இருந்தாலும், வால்வுகளைத் திருகும் புஷ்களை (மரையுள்ள வளையங்களை) பித்தளையில் கடைந்து வைப்பவர்கள் உண்டு. கடைய சுலபம் என்பது வாஸ்தவம்தான். ஆனால் சுடுநீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் மெல்லக் கரைந்து போய், செம்பு மட்டும் பஞ்சுபோல மிஞ்சும். மரை பார்வைக்கு அப்படியே இருக்கும், பிடிமானம் இருக்காது. புஷ்களுக்கு வெண்கலமே சரி.

கணக்கில் நடக்கும் தவறு நுட்பமானது. குழாயின் பலத்தை, வாங்கியபோது இருந்த கடின நிலைக்குரிய எண்ணை வைத்துக் கணக்கிடுகிறார்கள். வெள்ளிப் பற்றுக்காக 650 டிகிரிக்கு மேல் காய்ச்சியதுமே அந்தக் கடினம் போய்விடும். மிருதுவாகிவிட்ட செம்பின் பலத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். சூட்டில் அது இன்னும் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 100 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. தடிமன், 4 பார் என்றால் உருளைச் சுவரில் விழும் இழுவிசை சதுர மில்லிமீட்டருக்கு 12.5 நியூட்டன். அது பயப்படும்படி இல்லை. பயப்பட வேண்டியது தட்டையான மூடிக்கு. அதே பாய்லரின் ஒரு மூடியை உள்ளேயிருந்து தள்ளும் விசை 300 கிலோவுக்கு மேல். உருளை வடிவம் அழுத்தத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். தட்டைத் தகடு உப்பும். அதனால்தான் இரண்டு மூடிகளையும் இழுத்துப் பிடிக்க ஸ்டே கம்பிகள் தேவைப்படுகின்றன. வரைபடத்தில் இருக்கும் ஸ்டேயை "இடைஞ்சலாக இருக்கிறது" என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. வேண்டாம்.

மூடியின் ஓரத்தைத் தட்டி மடிக்கும்போது செம்பு இறுகும். சுத்தியல் துள்ள ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டு, மங்கலான சிவப்புக்குக் காய்ச்சி மறுபடி இளக்க வேண்டும். இன்னும் நாலு தட்டு என்று போனால் மடிப்பில் மயிரிழை விரிசல் விழும்.

இனி பற்றவைப்பு. ஈயப்பற்றை முதலில் ஒதுக்குங்கள். சாதாரண ஈய–வெள்ளீயக் கலவை 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வேலை செய்யும் சூட்டுக்கும் அதற்கும் நடுவே 30 டிகிரிதான். தண்ணீர் வற்றிவிட்டால் அதுவும் இல்லை. வெள்ளிக் கலவை 630 டிகிரிக்குமேல் உருகும். காட்மியம் கலந்த பழைய வகைகளின் புகை நஞ்சு. காட்மியம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை எளிதாகத் தோன்றும். ஆனால் மோதிரம் வேறு, பாய்லர் வேறு. செம்பு சூட்டை இங்கே வாங்கி அங்கே கடத்திவிடும். சின்ன டார்ச்சால் அரை மணி நேரம் ஊதினால் பொருள் சூடாவதற்குள் ஃப்ளக்ஸ் (பற்று ஓடுவதற்காக உலோகத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் பூச்சு) செத்துவிடும், பிறகு வெள்ளி உருண்டையாக உருளுமே தவிர ஓடாது. பெரிய புரொப்பேன் டார்ச், சுற்றிலும் தீச்செங்கல், மொத்த உடலும் சூடான பிறகே வெள்ளி. வெறும் வெங்காரத்தை நம்பவும் முடியாது. அது உருகவே 740 டிகிரி ஆகும், வெள்ளி அதற்கு முன்பே உருகிவிடும். குறைந்த சூட்டுக் கலவைக்கென்று விற்கும் ஃப்ளக்ஸ்தான் வேண்டும்.

இடுக்கு 0.1 மி.மீ. அளவில் இருந்தால் வெள்ளி தானாக உள்ளே உறிஞ்சப்படும். இறுக்கமாக அடித்து ஏற்றினால் வழியில்லை, தொளதொளவென்றிருந்தால் பிடிப்பில்லை. என் முதல் பாய்லரில் நான் செய்தது இறுக்கம். இப்போது செய்வது இது: வெள்ளிக் கம்பியை வளையமாக்கி இணைப்பின் ஒரு பக்கத்தில் வைத்து, மறுபக்கத்திலிருந்து காய்ச்சுகிறேன். சூடு இருக்கும் பக்கம் ஓடிவந்து வெள்ளி மெல்லிய கோடாக எட்டிப் பார்த்தால் உள்ளே நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாக் குறுக்குக் குழாய்களிலும் அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்த பிறகே புகைக்குழாய் வெளி உடலுக்குள் போகும்.

சின்னதாக இரண்டு எச்சரிக்கை. காற்று அடைபட்ட எதையும் காய்ச்சாதீர்கள். இருபுறமும் அடைத்த குழாய் வெடிக்கும். பற்றவைத்த பிறகு செம்பைக் கழுவும் அமிலத்தைக் கலக்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், மாற்றி அல்ல.

சோதனைக்குக் காற்று கம்ப்ரசரை மாட்டுவது மன்னிக்க முடியாத தவறு. அழுத்திய காற்று சக்தியைச் சேர்த்து வைக்கும், பிளந்தால் தகடு பறக்கும். தண்ணீர் சுருங்காது, விரிசல் விட்டால் ஒரு சொட்டு, அவ்வளவுதான். ஒரு குமிழிகூட இல்லாமல் குளிர்ந்த நீரை நிரப்பி, கைப்பம்பால் மெல்ல ஏற்றி, வேலை அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒழுகலை மட்டும் பார்த்தால் போதாது. மூடியின் மேல் ஒரு நேர்விளிம்பை வைத்து, உப்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

1831இல் அமெரிக்காவில் 'பெஸ்ட் ஃபிரெண்ட் ஆஃப் சார்லஸ்டன்' என்ற ரயில் எஞ்சின் வெடித்தது. அழுத்தம் மீறினால் ஆவியை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வின் சீறல் தொந்தரவாக இருக்கிறதென்று, தீயைக் கவனிக்கும் தொழிலாளி அதை அடைத்துவிட்டிருந்தார். நாம் யாரும் அப்படி அடைப்பதில்லை. ஆனால் சிறிய துளையுள்ள வால்வை வைப்பதும் பாதி அடைத்ததற்குச் சமம். வால்வு சரியான அழுத்தத்தில் திறக்கும், ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும், கேஜின் முள்ளும் ஏறிக்கொண்டே இருக்கும். நீர்ச் சோதனையில் தேறிய பிறகு நீராவி வெளிப்போகும் குழாயை மூடிவிட்டு, பர்னரை முழுத் தீயில் வைத்து, தூர நின்று கேஜைப் பாருங்கள். 4 பாருக்குக் கட்டியதென்றால் முள் 4.4ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் உடனே தீயை அணையுங்கள். பெரிய வால்வு, இல்லையேல் சிறிய பர்னர். பெரும்பாலும் பர்னரைக் குறைத்தாலே எஞ்சினுக்குத் தேவையான ஆவி கிடைத்துவிடுகிறது.