குருத்தோலை முதல் முட்டைக்கோது வரை: வளவுச் சாமான்களில் உயிர்த்த ஞாயிறுக் கைவேலைகள்

உயிர்த்த ஞாயிறு நெருங்கினால் இணையத்தில் பிள்ளைகளுக்கான கைவேலைப் படங்கள் வந்து குவியும். எல்லாம் அழகுதான். தேவையான பொருட்கள் என்ற பட்டியலைப் பார்த்தால்தான் தலை சுற்றும். மினுங்கும் பஞ்சுக் குண்டுகள், கம்பளி சுற்றிய கம்பிகள், ஒட்டும் கண்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அந்தப் பட்டியலைத் துண்டில் எழுதிக்கொண்டு கிளிநொச்சியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒட்டும் கண் மட்டும் அகப்பட்டது. அதில் ஒன்றைச் சின்னவன் மூக்குக்குள் தள்ளிவிட்டான். அதை எடுத்து முடித்த அன்றே பட்டியலைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அந்தப் படங்களில் பனி உருகிப் பூ முளைக்கிறது. நமக்குப் பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் சித்திரையும் வைகாசியும்தான் நம் முன்னோர் கணக்கில் இளவேனில். பெரும்போக அறுவடை முடிந்து வயல் ஓய்ந்திருக்கும். வேம்பு பூத்து முற்றமெல்லாம் சொரிந்து கிடக்கும். கொன்றை மஞ்சளாய்த் தொங்கத் தொடங்கும். பாடசாலை விடுமுறையும் அதை ஒட்டியே வரும். உயிர்த்த ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் வரலாம். 2025இல் புத்தாண்டு முடிந்து ஒரு கிழமைக்குள், ஏப்ரல் 20இல் வந்தது. 2026இல் ஏப்ரல் 5.

கீழே உள்ளவை மூன்று வயது முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளுக்கு. வெட்டுவதும் கொதிக்க வைப்பதும் பெரியவர் வேலை. மற்றதெல்லாம் பிள்ளையின் வேலை. கோணலாக வந்தாலும் நீங்கள் கை வைத்துத் திருத்தாதீர்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய புனித வாரத்தின் நாள் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன், ஏனென்றால் ஒரு வேலையைப் புதன்கிழமையே தொடங்காவிட்டால் ஞாயிறுக்கு ஒன்றும் இருக்காது.

குருத்தோலைச் சிலுவை

புனித வாரம் தொடங்கும் குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் இருந்து வரும் வழியிலேயே பிள்ளைகள் ஓலையால் ஒருவரையொருவர் அடித்து அதைத் தும்பாக்கிவிடுவார்கள். அதற்கு முன் நாலைந்து நல்ல கீற்றை வாங்கி ஒளித்து வையுங்கள். தென்னங்குருத்து மெல்லியது, சின்ன விரலுக்கு இலகு. பனங்குருத்து தடிப்பு, ஆனால் வருடக்கணக்கில் நிற்கும். பனையோலையை நீங்களே வெட்டுவதென்றால் மட்டையின் கருக்கில் கவனம், வாள்போல அறுக்கும்.

கீற்றின் நடுவில் ஓடும் ஈர்க்கை உரித்து எடுத்துவிடுங்கள். எறியாதீர்கள், புதன்கிழமை அது வேண்டும். மிஞ்சிய ஓலையில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்று 15 சென்ரிமீற்றர் நீளம், 2 சென்ரிமீற்றர் அகலம். மற்றது 9 சென்ரிமீற்றர் நீளம், 1 சென்ரிமீற்றர் அகலம். ஓலை காய்ந்துபோயிருந்தால் அரை மணித்தியாலம் தண்ணீரில் போட்டால் வளைந்து கொடுக்கும்.

நீளத் துண்டை நிமிர்த்திப் பிடித்து, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே, நகத்தால் பக்கத்துப் பக்கமாக இரண்டு கீறல் போடுங்கள். இரண்டும் நெடுக்குக் கீறல், ஒவ்வொன்றும் 1 சென்ரிமீற்றரை விடச் சற்று நீளம், இடைவெளி ஒரு சுண்டுவிரல் நக அகலம். ஓலையின் நார் நெடுக்கே ஓடுவதால் இப்படிக் கீறினால் ஓலை அறாது. குறுக்கே கீறினீர்களோ, கையோடு இரண்டாகிவிடும். இனிப் பிள்ளையின் வேலை: சின்னத் துண்டை ஒரு கீறலுக்குள் விட்டு, பின்பக்கமாக ஓட்டி, மற்றக் கீறலால் முன்னுக்கு எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டால் சிலுவை. பசை இல்லை, நூல் இல்லை. ஒரு தடித்த புத்தகத்துக்குள் இரண்டு நாள் வைக்காவிட்டால் காயும்போது சுருண்டுவிடும்.

கோவிலில் மந்திரித்த ஓலையில் செய்த சிலுவையை நாங்கள் குப்பையில் போடுவதில்லை. கதவு நிலைக்கு மேல் செருகி வைத்து, அடுத்த விபூதிப் புதனுக்கு முன், அன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்காகத் திரும்பக் கொடுக்கிறோம். விளையாட்டுக்குச் செய்வதற்கு வளவில் வெட்டிய வேறு ஓலையை எடுங்கள். வேலி கடந்து வரும் சைவப் பிள்ளைகள் அதே முறையில் வாளும் ஆகாய விமானமும் செய்தார்கள். நான் தடுக்கவில்லை.

கல்லறைத் தோட்டம்

செவ்வாய் இரவு ஒரு கைப்பிடி பயறு ஊற வையுங்கள். புதன் காலை வேலை தொடங்கும்.

வேண்டியவை ஒரு பழைய தட்டு, மண், ஒரு சிரட்டை, ஒரு தட்டைக் கல். சிரட்டை தேடும்போது நன்றாக உடைந்ததைத் தேடாதீர்கள். வாயோரத்தில் ஒரு துண்டு பறந்துபோன, கறிக்குத் தேங்காய் உடைத்தவர் திட்டு வாங்கிய சிரட்டைதான் நமக்கு வேண்டும். அதைத் தட்டில் கவிழ்த்து வைத்தால் உடைந்த இடம் வாசலாகிவிடும். கல் அந்த வாசலை மூடும் அளவு இருக்க வேண்டும். வயதுக்கு ஏற்றபடி வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: கல் தேடுவதைச் சின்னவர்களிடம் விட்டால் ஒரு மணித்தியாலம் உங்களுக்கு ஓய்வு.

மண்ணைப் பற்றி ஒரு சொல். வெறும் செம்மண் காய்ந்ததும் பொருக்கு வெடிக்கும். குளத்துக் களிமண் மட்டும் என்றால் தண்ணீர் இறங்காது. இரண்டையும் பாதிக்குப் பாதி பிசைந்தால் சிரட்டையின் மேல் அப்பினாலும் வழுக்கி விழாது. பிசைவது முழுக்கப் பிள்ளைகளின் பங்கு. கிணற்றடியில் வைத்துக்கொண்டால் பிறகு கழுவுவது இலகு.

சிரட்டையை மண்ணால் மூடி, வாசலை விட்டுவிடுங்கள். தட்டின் மிச்ச இடத்தில் இரண்டு விரற்கடை மண் பரப்புங்கள். பயற்றை அதில் ஊன்றி மெல்ல மண் தூவுங்கள். சிரட்டை மேட்டில் பயறு நில்லாது, அங்கே கடுகு தூவி உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள். ஈர்க்கை முறித்து மூன்று சிலுவை கட்டி மேட்டின் பின்னால் நடலாம். முதல் நாள் முழுவதும் ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் பாத்திரத்தைக் கவனியுங்கள். முதல் தடவை என் மகள் பேணியால் ஊற்றியதில் கல்லறை வியாழக்கிழமையே இடிந்துவிட்டது. இப்போது சோடாப் போத்தல் மூடியில் ஊசியால் நாலு துளை போட்டுக் கொடுத்திருக்கிறேன். காலையும் மாலையும், அவ்வளவுதான்.

பெரிய வெள்ளி மாலையில், இயேசுவைக் கல்லறையில் வைத்த நினைவாக, கல்லால் வாசலை மூடச் சொல்லுங்கள். ஞாயிறு விடியற்காலையில், பிள்ளைகள் எழும்ப முன், நீங்கள் போய்க் கல்லை உருட்டிவிட்டு உள்ளே ஒரு வெள்ளைத் துணித் துண்டை மடித்து வையுங்கள். அதற்குள் பயறு விரல் உயரம் வந்து, சிரட்டை மேடு பச்சை பூத்திருக்கும். போன முறை நாலு வயதுக்காரன் குந்தியிருந்து, வாசலுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து கேட்டான்: "அம்மா, துணியை மடித்து வைக்க அவருக்கு நேரம் இருந்ததா?" யோவான் நற்செய்தியில் தலைத்துண்டு தனியாகச் சுருட்டி வைத்திருந்ததாக வருகிறது. அதை நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

பூவால் அச்சு

இதற்கு நாள் கிடையாது. பிள்ளைகள் சண்டை பிடிக்கும் எந்தப் பிற்பகலிலும் செய்யலாம். பழைய வெள்ளைப் பருத்தித் துணியைப் பலகையில் விரித்து, செவ்வரத்தம்பூ இதழையும் ஒன்றிரண்டு பிஞ்சு இலைகளையும் வைத்து, மேலே கடதாசி போட்டு மூடி, கைக்கு அடங்கிய உருண்டைக் கல்லால் தட்டச் சொல்லுங்கள். இதழின் சாறு துணியில் அப்படியே பதியும். சிவப்புப் பூவின் அச்சு ஊதாவாக வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் ஏமாற வேண்டாம். அதில் ஒரு துளி தேசிக்காய்ப் புளி விட்டால் இளஞ்சிவப்பாக மாறும், சவர்க்காரத் தண்ணீர் பட்டால் நீலமோ பச்சையோ ஆகும். நீலக் காக்கணம் பூவிலும் இந்த வித்தை உண்டு. துவைத்தால் சாயம் போய்விடும், ஆகவே சட்டையில் செய்யாதீர்கள்.

இலை பதித்த முட்டை

சனிக்கிழமை வேலை. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்ததும் இதுதான்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் முட்டையும் விலக்கி நோன்பு இருந்த காலம் ஐரோப்பாவில் இருந்தது. கோழி நோன்பு இருக்கவில்லை, ஆகவே நாற்பது நாள் முட்டை சேர்ந்து, உயிர்த்த ஞாயிறன்று கொண்டாட்டமானது. கோதை உடைத்துக் குஞ்சு வருவது கல்லறை திறந்ததைப் போல என்ற விளக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். முட்டை கொண்டுவரும் முயல் ஜெர்மனியில் இருந்து வந்த கதை, 1682இல் அங்கே எழுதியும் வைத்திருக்கிறார்கள். வன்னிக் காட்டு முயலுக்கும் அதற்கும் சொந்தம் இல்லை, எங்கள் வீட்டில் அது இன்னும் விசா எடுக்கவில்லை.

சிவப்பு வெங்காயத் தோலைத் தவக்காலம் முழுவதும் ஒரு பையில் சேர்த்து வாருங்கள். நாலு முட்டைக்கு இரண்டு கை நிறைந்த தோல், ஒரு லீற்றர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி. முட்டை வெள்ளைக்கோது அல்லது வெளிறிய ஊர்க்கோழி முட்டையாக இருக்கட்டும். கடையின் சிவப்பு முட்டையில் அச்சு தெளிவாக விழாது.

1. வெங்காயத் தோலைத் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்க வைத்து, வடித்து, முழுக்க ஆறவிடுங்கள். ஆறிய பின் வினாகிரியைச் சேருங்கள். முட்டைக்கோது சுண்ணாம்புச் சத்தால் ஆனது. வினாகிரியின் புளிப்பு அதை மேலோட்டமாக அரித்துச் சாயம் பிடிக்க வழி செய்கிறது. கூடினால் கோது பொருக்குத் தட்டும்.

2. பச்சை முட்டையைக் கழுவித் துடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்ததென்றால் சூடு ஆறும்வரை அல்ல, குளிர் ஆறும்வரை வெளியில் வையுங்கள்.

3. பிள்ளை ஓர் இலையைத் தெரிய வேண்டும். முருங்கையிலை முட்டை வளைவில் மடங்காமல் படியும். கொத்தமல்லி இலை பூவேலைபோல வரும். வேப்பிலை தடிப்பு, ஓரம் எழும்பி நிற்கும். இலையைத் தண்ணீரில் நனைத்து முட்டையில் ஒட்டி, விரலால் ஓரங்களை அமர்த்தச் சொல்லுங்கள்.

4. இலை அசையாமல் மெல்லிய துணியால் இறுக்கிச் சுற்றிப் பின்பக்கம் நூலால் கட்டுங்கள். பழைய நைலோன் காலுறை மிகச் சிறந்தது, இல்லையென்றால் நைந்த வேட்டித் துண்டு. பழைய நுளம்பு வலையை மட்டும் தொடாதீர்கள். மலேரியாக் காலத்தில் நம் பக்கம் மருந்து ஊட்டிய வலைகளைக் கொடுத்தார்கள். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டும், அந்த வலைகள் இன்னும் பல வீடுகளின் மூலையில் கிடக்கின்றன. அவை சாப்பாட்டுச் சட்டிக்குள் போகக்கூடாது.

5. கட்டிய முட்டைகளை ஆறிய சாயத்தில் அடுக்கி, மெல்லிய தீயில் கொதிக்க விடுங்கள். கொதி வந்து பத்து நிமிடத்தில் இறக்கி, அரை மணித்தியாலம் அதற்குள்ளேயே விடுங்கள். எனது முதல் வருட முட்டைகள் எல்லாம் வெடித்தன. கொதிக்கிற சாயத்தில் நேரே போட்டதால் வந்த வினை.

நூலை நீங்கள் வெட்டுங்கள், துணியைப் பிள்ளை உரிக்கட்டும். ஈரத்துணி விலகும்போது முதலில் கடும் செம்மண் நிறம் தெரியும். அவிந்த இலை கருத்துச் சுருண்டு ஒட்டியிருக்கும். அதை நகத்தால் மெல்லத் தள்ளினால் அடியில் வெளிறிய முருங்கையிலை ஒன்று, நடு நரம்போடு, முட்டையிலேயே முளைத்ததுபோல இருக்கும். அந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் சத்தம் போட்டதை நான் பார்த்ததில்லை. சத்தம் அடுத்த முட்டையை யார் உரிப்பது என்பதில்தான் தொடங்கும்.

ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் பளபளக்கும். வெள்ளை முட்டையை மஞ்சள் தூள் கரைசலில் அவித்தால் மஞ்சள் முட்டையும் கிடைக்கும், இலை எதுவும் தேவையில்லை.

இந்த வெயிலில் அவித்த முட்டையை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைத்தால் சாப்பிடக் கொடுக்காதீர்கள். சாப்பிட இருப்பதைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், இல்லையேல் உடனே உரித்து ஒரு குழம்பு வைத்துவிடுங்கள். பக்கத்து வளவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முன் வீட்டில் விரதமா என்று தாயிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரித்த கோதை நொறுக்கிக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் பாதையாகப் பரப்பலாம். தட்டை மட்டும் முற்றத்தில் விட்டுவிட்டுப் பூசைக்குப் போகாதீர்கள். போன வருடம் நாங்கள் திரும்பி வந்தபோது, சாம்பல் பேடு தட்டின் நடுவில் ஏறி நின்று, பயறு முழுவதையும் கிளறி முடித்து, தன் முட்டையின் கோதைத் தானே கொத்திக்கொண்டிருந்தது. இப்போது கடகத்தைக் கவிழ்த்து மேலே கல் வைத்துவிட்டுத்தான் புறப்படுகிறோம்.