டாக்ரோலிமஸுக்கு ஜெனரிக் எப்போது? தேதி தேடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

டாக்ரோலிமஸ் என்பது மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து. ஜெனரிக் என்பது பிற நிறுவனங்கள் தயாரிக்கும் விலை குறைந்த அதே மருந்து. உறுப்பு மாற்று மருந்துகளின் காப்புரிமையைப் பார்க்கப் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் அதே சில குழிகளில்தான் விழுகிறார்கள். காப்புரிமை எண்ணைத் தவறாகக் குறித்துக்கொள்வது போன்ற பிழைகள் தாமாகவே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுவோம். கீழே வருவதெல்லாம் அமெரிக்க நிலவரம்.

அமெரிக்கத் தேதியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவது

கூடாது. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி.

காப்புரிமை முடியும் நாளை ஜெனரிக் வரும் நாளாக எண்ணுவது

தினம் இருவேளை போடும் மூல டாக்ரோலிமஸ் காப்ஸ்யூலின் வணிகப் பெயர் புரோகிராஃப். அதன் மூலக்கூறு காப்புரிமை 2008 ஏப்ரலில் முடிந்தது. முதல் ஜெனரிக்குக்கு எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஒப்புதல் கிடைத்தது 2009 ஆகஸ்டில். ஜெனரிக்குகளுக்குக் கூடுதல் சோதனை வேண்டும் என்று மூல நிறுவனம் 2007-லேயே மனு போட்டிருந்தது. அதை நிராகரித்த கையோடுதான் ஒப்புதலும் வந்தது. குழந்தைகளிடம் ஆய்வு செய்தால் கிடைக்கும் 6 மாத நீட்டிப்பு, காப்புரிமையை எதிர்த்து முதலில் விண்ணப்பிக்கும் ஜெனரிக் நிறுவனத்துக்கான 180 நாள் தனியுரிமை ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

மூலக்கூறையும் மாத்திரையையும் ஒன்றாக்குவது

"டாக்ரோலிமஸ் காப்புரிமைதான் எப்போதோ முடிந்துவிட்டதே!" கேட்டாலே எரிச்சல் வரும் வாக்கியம் இது. முடிந்தது மூலக்கூறின் காப்புரிமை. தினம் இருவேளை போடும் காப்ஸ்யூலுக்கு ஜெனரிக் வந்தது அதனால்தான். தினம் ஒருவேளை போடும் ஆஸ்டகிராஃப் எக்ஸ்எல் 2013-லும், என்வார்சஸ் எக்ஸ்ஆர் 2015-லும் ஒப்புதல் பெற்றன. மருந்தை மெதுவாக வெளியிடும் தயாரிப்பு முறைக்குத் தனிக் காப்புரிமை எடுக்க முடியும். மூலக்கூறின் தேதி அதைக் கட்டுப்படுத்தாது.

ஆகவே ஆரஞ்சு புக்கில் (ஒப்புதல் பெற்ற மருந்துகளையும் அவற்றின் காப்புரிமைகளையும் எஃப்டிஏ பட்டியலிடும் இடம்) மருந்தின் பெயரைத் தட்டியதும் வரும் முதல் வரியோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு வணிகப் பெயரின் விண்ணப்ப எண்ணையும் தனித்தனியே திறந்து, அதன் கீழ் உள்ள காப்புரிமை மருந்துப்பொருளுக்கா, தயாரிப்புக்கா, பயன்பாட்டுக்கா என்று பாருங்கள். காலாவதியானவை பட்டியலில் இருக்காது. பட்டியல் வெறுமையாக இருந்தால் காப்புரிமையே இருந்ததில்லை என்று அர்த்தமில்லை.

இது காகிதத்தோடு போகிற தவறும் அல்ல. விலை குறைந்த டாக்ரோலிமஸ் கிடைக்கிறதே என்று அதே மில்லிகிராமில் மாற்றினால் ரத்த அளவு தடம்புரளும். இருவேளை காப்ஸ்யூலிலிருந்து என்வார்சஸுக்கு மாறும்போது தொடக்க அளவு மொத்த தினசரி அளவில் 80 சதவீதம்: 10 மில்லிகிராம் எடுத்தவருக்கு 8. அளவு கூடினால் சிறுநீரகம் பாதிக்கும், கை நடுங்கும். குறைந்தால் மாற்று உறுப்பை உடல் நிராகரிக்கும். வணிகப் பெயரை எழுதித்தான் டாக்ரோலிமஸ் தர வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்எச்ஆர்ஏ 2012-ல் அறிவுறுத்தியது இப்படிப்பட்ட குழப்பங்களால்தான்.

நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபீனோலேட்டிலும் இதே கதை. செல்செப்ட், மைஃபோர்டிக் இரண்டும் அதன் வணிகப் பெயர்கள். செல்செப்டின் காப்புரிமை 2009-ல் முடிந்தது. மைஃபோர்டிக்குக்கு அந்தத் தேதி பொருந்தாது. முன்னதன் 1000 மில்லிகிராமுக்குப் பின்னதில் ஏறக்குறைய 720 ஈடு.

பயன்பாட்டுக் காப்புரிமையைத் தாண்டிப்போவது

இதே வகையில் பயன்படும் சிரோலிமஸின் மூலக்கூறு 1970-களிலேயே காப்புரிமை பெற்றது. மாற்று உறுப்பு நிராகரிப்பைத் தடுக்க அதைப் பயன்படுத்தும் முறைக்கு 1992-ல் வேறொரு காப்புரிமை கிடைத்தது. அதன் வணிகப் பெயரான ராபமியூன் மாத்திரைக்கு ஜெனரிக் வர 2014 ஆனது.

பெலடாசெப்டை ஆரஞ்சு புக்கில் தேடுவது

அதுவும் நிராகரிப்பைத் தடுப்பதுதான், ஆனால் உயிரியல் மருந்து. உயிரியல் மருந்துகளுக்கான எஃப்டிஏ பட்டியலான பர்ப்பிள் புக்கைத் திறந்து பாருங்கள்.

ஜெனரிக் வந்ததும் கோப்பை மூடுவது

2023 செப்டம்பரில் அக்கார்ட் நிறுவனத்தின் டாக்ரோலிமஸ் காப்ஸ்யூலின் சமநிலைக் குறியீட்டை எஃப்டிஏ 'ஏபி'யிலிருந்து (மூல மருந்துக்குச் சமம்) 'பிஎக்ஸ்' (சமம் என்று சொல்லத் தரவு போதாது) ஆக மாற்றியது. ரத்தத்தில் உச்ச அளவு புரோகிராஃபைவிட அதிகமாகலாம் என்பது காரணம். ஒப்புதல் தொடர்கிறது, ஆனால் புரோகிராஃபுக்கு ஈடாகக் கவுண்டரில் தானாக மாற்றித் தரும் தகுதி போய்விட்டது. ஆகவே எத்தனை ஜெனரிக் இருக்கின்றன என்று எண்ணும்போது 'ஏபி' குறியுள்ளவற்றை மட்டும் எண்ணுங்கள்.