மராகேலி வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, மராகேலி மீனில் சிறுபுள்ளி ஆணையும் பெரும்புள்ளிப் பெண்ணையும் ஒரே தொட்டியில் விட்டிருந்தேன், இன்று முட்டை வைத்துவிட்டது" என்று பூரிப்போடு சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பூரிப்போடு இதே செய்தியை ஒரு பெரியவரிடம் சொன்னவன் என்பதால், அவரை வாழ்த்தவும் வாய் வரவில்லை, கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை.

மராகேலி என்பது மடகாஸ்கர் தீவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் சதுப்புகளிலும் மட்டுமே இயற்கையாக வாழும், சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்த மீன். ஃபோனி என்றும் அத்தீவினர் அழைக்கும் இதற்கு, 1868-இல் நெதர்லாந்து மீனியலாளர் பிளீக்கர் வைத்த பெயர் பாராடிலாப்பியா பொல்லெனி. வளர்ந்த மீன் 28 செ.மீ. நீளம் வரை எட்டும். கரிய உடலெங்கும் வெண்மையும் நீலமும் கலந்த புள்ளிகள் மின்னும். குளோரின் நீக்குவது, புதுத் தொட்டியைப் பழக்குவது போன்றவற்றை எவரும் சொல்லித் தந்துவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பிறந்த ஆறு தெரியாத மீன்களைக் கலப்பது

வணிகத்தில் இவற்றைச் சிறுபுள்ளி, பெரும்புள்ளி என்று இரண்டாகப் பிரித்து விற்கிறார்கள். அறிவியல் நூல்களிலோ பொல்லெனி, பிளீக்கரி என்ற இரு பெயர்கள் இருந்தாலும், அவை உண்மையில் இரண்டு இனங்கள்தானா, பெயரிடப்படாத வேறு இனங்களும் அவற்றுக்குள் ஒளிந்திருக்கின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அறிஞர்களே முடிவு செய்யாத ஒன்றை நம் தொட்டியில் நாமே முடிவு செய்து, "எல்லாம் கறுப்பு மீன்தானே" என்று சேர்த்துவிடுகிறோம்.

நான் ஒரு கடையில் ஆறு குஞ்சுகள் வாங்கினேன். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், எஞ்சியவை அனைத்தும் ஆண்கள். பெண் மீனுக்காக அலைந்து, வேறோர் ஊரில் வேறொரு விற்பனையாளரிடம் பொல்லெனி என்ற சீட்டோடு கிடைத்த ஒன்றை, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன். அதன் புள்ளிகள் சற்றுப் பெரியவையாக இருந்ததைக் கவனித்தேன். வயதின் வேறுபாடு என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவை இணைந்து ஈன்ற நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகளை வளர்த்து, நண்பர்களுக்கெல்லாம் பெருமையோடு பங்கிட்டுக் கொடுத்த பிறகுதான், அந்தப் பெரியவர் வீட்டுக்கு வந்து தொட்டியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எந்த ஆற்று மீன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு நண்பராக அழைத்து, அவற்றைக் குஞ்சு பொரிக்கவிட வேண்டாம் என்று கெஞ்ச நேர்ந்தது. இருவர் அதற்குள் மறுவிற்பனையே செய்துவிட்டிருந்தார்கள்.

ஓர் ஆற்றின் பெயருக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு நான் மங்கராஹராவைச் சொல்வது வழக்கம். வட மடகாஸ்கரில் ஓடும் அந்த ஆற்றின் பெயரால் அறியப்படும் இன்னொரு சிக்லிட், 2006-இல்தான் முறையாக விவரிக்கப்பட்டது. 2013-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையிடம் ஆண் மீன்கள் மட்டுமே எஞ்சியிருந்ததால், யாரிடமாவது ஒரு பெண் மீன் உண்டா என்று உலகம் முழுவதற்கும் வேண்டுகோள் விடுத்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் மடகாஸ்கரிலேயே ஒரு சிறு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படி ஒரு வேண்டுகோள் நாளை மராகேலிக்காக வந்தால், என் தொட்டிக் கலப்பு மீன்களைக் கொண்டு யாருக்கு என்ன பயன்? காடழிவால் ஆறுகளில் சேறு படிவதும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட திலாப்பியாவும் விரால் இன மீனும் பெருகுவதும் அந்தத் தீவின் சொந்த மீன்களைக் குறைத்துக்கொண்டே வரும்போது, தொட்டியில் கலப்பில்லாமல் காக்கப்படும் வழிமரபுக்குத்தான் மதிப்பு.

ஆகவே, எந்த ஆற்றில் பிடிக்கப்பட்டது என்று தெரிந்த வழிமரபில், ஒரே வளர்ப்பாளரிடமிருந்து, ஒரே தடவையில் எட்டுக் குஞ்சுகளாவது வாங்குங்கள். இடப்பெயரைத் தொட்டியின் மீது எழுதி ஒட்டுங்கள். குஞ்சு கொடுக்கும்போது அதையும் எழுதிக் கொடுங்கள். பெண் மீன் கிடைக்கவில்லை என்றால் அதே வளர்ப்பாளரிடம் மீண்டும் கேட்டுக் காத்திருங்கள். கடைக்காரரின் சீட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது பெரும்பாலும் அவருக்கு விற்றவர் சொன்ன பெயர், அவ்வளவுதான்.

கடையில் கருமையைத் தேடுவது

குஞ்சுகள் மங்கலாகத்தான் இருக்கும், பொறுங்கள்.

ஓர் ஆண், ஒரு பெண் என்று வாங்குவது

பெரிய மீன்கள் இரண்டை வாங்கி ஒன்றாக விட்டால் அவை இணையாகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. முட்டையிட ஆயத்தமாகாத பெண்ணை ஆண் விரட்டி விரட்டியே கொன்றுவிடும். குஞ்சுப் பருவம் முதல் கூட்டமாக வளரவிட்டு, அவையே துணையைத் தேர்ந்துகொள்ள விடுவதே நல்லது. அதன் பிறகும், பெண் நுழையக்கூடிய, ஆண் நுழைய முடியாத இடுக்கு ஒன்று தொட்டியில் இருந்தாக வேண்டும்.

உயிருள்ள இரை மீன் போடுவது

வேண்டாம். நோயைக் காசு கொடுத்து வாங்குவதாகும்.

முட்டையைக் கழிவென்று எண்ணுவது

பெரும்பாலான சிக்லிட்கள் கல்லிலோ இலையிலோ முட்டைகளை ஒட்டிவைப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மராகேலியின் முட்டைகள் முட்டைகளாகவே தெரிவதில்லை. அவை எதிலும் ஒட்டுவதில்லை. மெல்லிய இழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு கொத்தாகத் தரையில் கிடக்கும். மணலில் பெண் மீன் நகராமல் நின்றுகொண்டு உங்கள் கையைத் தாக்க வந்தால், அழுக்கை உறிஞ்சும் குழாயை வெளியே எடுத்துவிட்டு முதலில் குனிந்து பாருங்கள். என் முதல் கொத்தை நான் அழுக்கென்று நினைத்துச் சைஃபன் குழாயால் உறிஞ்சி, வாளி நீரை வழக்கம்போல் துளசிச் செடிக்கு ஊற்றினேன். மண்ணின் மேல் மஞ்சள் நிறத்தில் எதுவோ சிதறிக் கிடப்பதை மறுநாள் காலையில்தான் பார்த்தேன்.